சாலை: இரண்டாம் மாடி, இடது கதவு

நவம்பர் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். விரல் விறைத்துப்போய்ப் பேனா நிற்க மாட்டேன் என்கிறது. நீ அந்த மலை உச்சியில் எப்படி இருக்கிறாய்? மூக்கும் காதும் அதனதன் இடத்தில் இருக்கின்றனவா?

இந்த வருஷம் குளிர் ஒரு மாதம் முன்னதாகவே வந்து சட்டமாக உட்கார்ந்துவிட்டது. எங்கள் கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கிற பாய்லர் அதற்கும் முன்னாலேயே வாயைப் பிளந்துவிட்டது. எட்டுக் குடும்பத்துக்கும் சூடு அதிலிருந்துதான் குழாய் வழியாக வர வேண்டும். வீட்டுக்காரரிடம் போய்க் கேட்டேன். அந்த மனுஷர் தன் வீட்டு வாசலில் வெறும் பனியனோடு நிற்கிறார். அவர் வீட்டுக்குள் அவ்வளவு சூடு! "உதிரி பாகம் வரணும்மா. அதுவரைக்கும் ஆளுக்கு ரெண்டு கோட்டு போட்டுக்கோங்க" என்கிறார். "நாள் பூரா ஊருக்கெல்லாம் கோட்டு தைக்கிறவ நான். கோட்டு போட எனக்கு நீங்க சொல்லித் தர வேணாம்" என்று கேட்டுவிட்டு வந்தேன். என்ன பிரயோசனம்? என் வாய்தான் சூடானது, வீடு ஆகவில்லை.

சன்னல் எல்லாம் சாத்தித்தான் இருக்கிறது. ஆனாலும் திரைச்சீலை ஆடுகிறது. காலையில் டம்ளர் தண்ணீரில் பால் ஏடு மாதிரி பனி படர்ந்திருக்கிறது. நீ பத்து வருஷமாக மலைச் சாலைப் பனியோடு மல்லுக்கட்டுகிறவன். ஒரு வழி சொல்லு.

அத்தானுக்குக் கிடங்கில் இப்போது விடுப்பு. வீட்டில்தான் இருக்கிறார். உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

காதை மூடிக்கொண்டு பத்திரமாக இரு.

உன் அக்கா

*

நவம்பர் 15

அன்புள்ள அக்காவுக்கு,

உன் மலைக் கரடித் தம்பி நலம். மூக்கு, காது எல்லாம் எண்ணிப் பார்த்துவிட்டேன், சரியாக இருக்கிறது. உனக்கும் அத்தானுக்கும் உடம்பு எப்படி?

உன் வீட்டுக்காரரை இங்கே அனுப்பு. பனி தள்ளும் வண்டிக்கு முன்னால் நிற்கவைத்து உதிரி பாகம் எப்போது வரும் என்று கேட்கிறேன்.

குளிர் எப்போதும் இடுக்கு வழியாகத்தான் வரும். சன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே துணிப் பட்டையைத் திணி. அதன்மேல் காகிதத்தைப் பசை தடவி ஒட்டு. ஊசி நுழையும் இடுக்கைக்கூட விடாதே. தையல்காரிக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

எங்கள் முகாமுக்கு மின்சாரக் கணப்பு வந்துவிட்டது. அதனால் வண்டிப் பட்டறையில் இருந்த பழைய மண்ணெண்ணெய் ஹீட்டரை அதிகாரியிடம் கேட்டு வாங்கி, தபால் வண்டியில் உனக்கு அனுப்புகிறேன். எப்படிப் பற்றவைக்க வேண்டும், எதில் கவனம் வேண்டும் என்பதையெல்லாம் பெட்டி மூடியின் உள்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். கடிதம் என்றால் நீ தொலைத்துவிடுவாய். மூடி தொலையாது.

விடுப்புக்கு அத்தான் இங்கே வரலாமே. எனக்கும் பேச்சுத் துணையாக இருக்கும்.

உன் தம்பி

*

நவம்பர் 30

அன்புள்ள தம்பிக்கு,

சுகம், சுகம், சுகம்! மூன்று தரம் எழுதினால்தான் மனசு ஆறும். நீயும் அப்படியே இருக்க வேண்டும். உன் ஹீட்டர் வந்துவிட்டது. அத்தான் ஐந்து நிமிஷத்தில் பற்றவைத்துவிட்டார். "கிடங்குல இதைவிடப் பெரிசை மேய்ச்சவன் நான்" என்று அதற்கு ஒரு பெருமை வேறு.

நீ சொன்னபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து வீட்டையே தைத்துவிட்டேன் என்று வைத்துக்கொள். எங்கள் தையல் பட்டறையில் வெட்டி எறிந்த கம்பளித் துண்டு ஒரு மூட்டை கிடைத்தது. அதைச் சுருட்டிச் சன்னல் சட்டத்தில் திணித்தேன். மேலே இரண்டு அடுக்குக் காகிதம். வாசல் கதவுக்கு அடியில் மணல் நிரப்பிய துணிப் பை. திரைச்சீலை இப்போது செத்த பாம்பு மாதிரி அசையாமல் தொங்குகிறது.

இன்னொன்று கேள். முன்னறைச் சுவரில் கூரைக்குக் கீழே ஒரு சதுர ஓட்டை, கம்பி வலை போட்டு. எந்தப் புத்திசாலி கட்டினானோ, குளிரை உள்ளே கூப்பிட வாசல் வைத்திருக்கிறான்! நீ அனுப்பிய பெட்டியின் மூடி நல்ல தடி அட்டை. அளவெடுத்து வெட்டி, ஓட்டையில் வைத்து நாலு பக்கமும் பசை போட்டு அடைத்துவிட்டேன். என்னவோ உள்ளே கிறுக்கியிருந்தாய். கோழி கிளறின மாதிரி உன் கையெழுத்தைப் படிக்க யாருக்குப் பொறுமை? அத்தானுக்குத்தான் எல்லாம் தெரியுமே.

வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, பசையால் பெயிண்ட் கெட்டுப்போகுமாம், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பாய்லரைப் பற்றி மூச்சு விடவில்லை. பெயிண்டுக்குக் குளிருமோ என்று அந்த மனுஷருக்குக் கவலை! மாடிப்படி முழுக்கக் கேட்கிற மாதிரி நன்றாகக் கேட்டு அனுப்பினேன்.

அத்தான் எதற்கு அங்கே? வீட்டிலேயே இருக்கட்டும்.

உன் அக்கா

*

டிசம்பர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

ஹீட்டர் அனுப்பிய பிறகு உன் கடிதம் எதுவும் இன்னும் வரவில்லை. தபால் வண்டி ஒரு வாரமாகக் கீழே சிக்கிக் கிடக்கிறது. இருந்தாலும் எழுதி, கீழே இறங்கும் ஒரு லாரியில் கொடுத்தனுப்புகிறேன். நலமா இருவரும்? ஹீட்டர் சேர்ந்ததா?

நேற்று ஒரு கூத்து. வளைவில் ஒரு லாரி பனியில் புதைந்துவிட்டது. டிரைவர் குளிருக்குப் பயந்து கண்ணாடியை ஏற்றிவிட்டு, இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கிறான். பின்னால் புகைக்குழாய் பனிக்குள் மூடிக்கிடக்கிறது. புகை எல்லாம் உள்ளேதான் போகும் என்ற அறிவு வேண்டாம்? எங்கள் முகாமில் சேர்ந்த முதல் நாளே சொல்லித் தருவார்கள்: முதலில் புகைக்குழாயைத் தோண்டு, பிறகு கதவைத் தோண்டு. நாங்கள் போனபோது முகம் சிவந்து நல்ல தூக்கத்தில் இருக்கிற மாதிரி சாய்ந்திருந்தான். வெளியே இழுத்துப் போட்டு அரை மணி கழித்துத்தான் கண்ணைத் திறந்தான். திறந்ததும், "லேசாத் தலைதான் வலிச்சுது, அசதின்னு நினைச்சேன்" என்கிறான். அந்த விஷ வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. பிழைத்தவனை அறையலாம் போல இருந்தது எனக்கு.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உன் தம்பி

*

டிசம்பர் 18

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. நீ நலம் என்பதில் சந்தோஷம். அந்த லாரிக்காரன் பெண்டாட்டியை நினைத்தேன். பாவம், அவளுக்கும் ஒன்று வாய்த்திருக்கிறது.

எனக்கு வாய்த்ததைச் சொல்கிறேன். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? உன் அத்தானுக்கு விடுப்பும் இல்லை, கிடுப்பும் இல்லை. கிடங்கில் அக்டோபர் கடைசியிலேயே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். இருபத்திரண்டு வருஷம் மூட்டை எண்ணிய மனுஷனை ஒரு துண்டுச் சீட்டில்! உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டார். சொல்லவில்லை. முதல் மாதம் தினமும் நாலு இடம் ஏறி இறங்கினார். இப்போது மூன்று வாரமாகப் படுக்கையை விட்டு எழுந்திருப்பதே இல்லை. நான் விடிந்ததும் தையல் பட்டறைக்குப் போனால் பொழுது சாய வருகிறேன். அவர் அந்த ஹீட்டர் பக்கத்தில் சுருண்டு கிடக்கிறார். கேட்டால், "தலை வலிக்குது." என்ன தலைவலி? "கிறுகிறுன்னு வருது." இரண்டு நாள் வாந்தி வேறு. பழியெல்லாம் என் சமையல்மேல்.

இதிலே வேடிக்கையைக் கேள். அதட்டிக் கடைக்கு அனுப்பினால், தெருமுனை தாண்டுவதற்குள் தலைவலி பறந்துவிடுகிறதாம்! பக்கத்து வீட்டு முடிவெட்டுகிறவரிடம் சிரித்துப் பேசிக்கொண்டு நிற்கிறார், என் கண்ணால் பார்த்தேன். வீட்டுக்குள் வந்து அரை மணியில் திரும்பவும் தலையைப் பிடித்துக்கொள்கிறார். வெளியில் போனால் இல்லாத வலி வீட்டுக்குள் வந்தால் வருமா? இந்த நாடகத்துக்கு டிக்கெட் போடலாம்! வாயில் வந்தபடி கேட்டுவிட்டேன். "வேலை போனதுக்கு உடம்பு சரியில்லேன்னு ஒரு சாக்கா? சோம்பேறி!" சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பதில் பேசினாலாவது எனக்கு ஆறும்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் இருந்தால் எனக்கும்தான் மண்டை இடிக்கிறது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் யாருக்குத்தான் இடிக்காது?

உன் ஹீட்டர் மட்டும் இல்லையென்றால் விறைத்தே செத்திருப்போம். நீ நன்றாக இரு.

உன் அக்கா

*

டிசம்பர் 27

அக்கா,

நலம் விசாரிக்க நேரமில்லை. இதைப் படித்துக்கொண்டிருந்தால் படிப்பதை நிறுத்து. ஹீட்டரை அணை. சன்னலைத் திற, கதவைத் திற, அத்தானை எழுப்பி வெளியே கூட்டிப்போ. நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மீதியை அங்கே உட்கார்ந்து படி.

உன் இரண்டு கடிதமும் இன்று காலை ஒரே கட்டில் வந்தன. மூடியில் நான் என்ன எழுதினேன் தெரியுமா? "இது எரியும்போது சன்னல் இரண்டு விரல் திறந்தே இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆளைக் கொல்லும்." அதை வெட்டி இருந்த ஒரே ஓட்டையை அடைத்திருக்கிறாய்! அந்த ஓட்டை குளிருக்கு வாசல் இல்லை அக்கா, உங்கள் மூச்சுக்கு வாசல். அத்தான் நாடகம் ஆடவில்லை. அந்த லாரிக்காரனுக்கு வந்ததுதான் அவருக்கு வந்திருக்கிறது. வெளியே போனால் வலி விடுகிறது என்று உன் கையாலேயே எழுதியிருக்கிறாய், அப்போதுகூட உறைக்கவில்லையா? ஒரு மனுஷன் மூன்று வாரம் தலைவலி என்று சொன்னால் அதை நம்ப என்ன கேடு?

இதை எழுதும்போதே தெரிகிறது, இது உன் கைக்கு எப்போது வருமோ. தபால் வண்டி மேலே ஏறியதும் பின்னாலேயே பனி சரிந்து பாதை மூடிவிட்டது. ஒரு வாரமாவது ஆகும். அதிகாரியிடம் வயர்லெஸ் கேட்டேன். "சொந்த விஷயத்துக்கு வயர்லெஸ் கிடையாது. சாலை விஷயம் மட்டும்தான்." இரண்டு உயிர் சார் என்றேன். "சட்டம் எனக்கும் சேர்த்துத்தான்யா" என்கிறார். மேசையைக் குத்திவிட்டேன். மை கொட்டியது.

பிறகு சாலை அடைப்பு எச்சரிக்கைப் படிவம் ஒன்றை எடுத்து நிரப்பினேன். சாலை: உன் வீட்டு எண், தெரு, இரண்டாம் மாடி, இடது கதவு. அடைபட்டது: காற்று வழி. ஆபத்தில் இருப்போர்: இருவர். செய்ய வேண்டியது: உடனே திறக்கவும், உள்ளே எரிவதை அணைக்கவும். அவர் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "ரெண்டாம் மாடி எந்தக் கிலோமீட்டர்ல வருது?" "கடைசிக் கிலோமீட்டர்ல சார்." முத்திரை குத்தி, தானே வயர்லெஸ்ஸில் உட்கார்ந்து, எழுத்து எழுத்தாகக் கீழே சாலை அலுவலகத்துக்கு வாசித்தார்.

போய்ச் சேர்ந்ததா தெரியவில்லை.

தம்பி

*

ஜனவரி 3

அக்கா,

முந்தின கடிதம் இன்னும் பையில்தான் கிடக்கிறது. இதையும் அதன்மேல் போடப்போகிறேன்.

29ஆம் தேதி கீழேயிருந்து பதில் வந்தது. எட்டே வார்த்தை. "இரண்டாம் மாடி, இடது கதவு: அடைப்பு நீக்கப்பட்டது. கையெழுத்து பெறப்பட்டது." யார் கையெழுத்து? எத்தனை பேர் இருந்தார்கள்? நன்றாக இருந்தார்களா? திரும்பக் கேட்கச் சொன்னேன். "படிவத்துல அதுக்குக் கட்டம் இல்லை" என்று பதில். கட்டம் இல்லையாம்! பாறை விழுந்தால் எத்தனை டன் என்று எழுதக் கட்டம் இருக்கிறது, உயிரோடு இருக்கிறார்களா என்று எழுத ஒரு கட்டம் இல்லை. இந்தப் படிவத்தை அச்சடித்தவன் கையில் கிடைத்தால்!

ஊசி நுழையும் இடுக்கைக்கூட விடாதே என்று எழுதியவன் நான்தான். ஹீட்டரை அனுப்பியதும் நான்தான். கொல்லக்கூடிய ஒரு விஷயத்தைக் கடிதத்தில் எழுதாமல் மூடியில் எழுதிய முட்டாளும் நான்தான். உன்னைத் திட்டி எழுதியதை எடுத்துக் கிழிக்கலாம் என்று பையைத் திறந்தேன். பிறகு, நீ திரும்பத் திட்டி எழுத வேண்டும் என்பதற்காகவே அதை அப்படியே விட்டுவிட்டேன். தயவு செய்து எழுது.

தம்பி

*

ஜனவரி 7

அன்புள்ள மச்சினனுக்கு,

அத்தான் எழுதுவது. நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள். முதலில் சொல்லிவிடுகிறேன், இரண்டு பேரும் இருக்கிறோம். பாதை திறக்கிற அன்றைக்கு முதல் வண்டியில் இது வரும் என்று அஞ்சலகத்தில் சொன்னார்கள்.

28ஆம் தேதி இங்கே பனி கொட்டி உன் அக்காவின் பட்டறைக்கு லீவு விட்டுவிட்டார்கள். காலையிலிருந்து வீட்டில்தான் இருந்தாள். நான் வழக்கம்போலக் கிடந்தேன், அவள் வழக்கம்போலத் திட்டிக்கொண்டிருந்தாள். மத்தியானம் திட்டு பாதியில் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். தையல் மிஷின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறாள். "ஏங்க, ஏன் வெளிச்சம் மங்குது?" என்றாள். எழுந்து போகத்தான் நினைத்தேன். கால் என் பேச்சைக் கேட்கவில்லை.

அப்போதுதான் கதவைத் தட்டினார்கள். எவ்வளவு நேரம் தட்டினார்களோ, நான் தவழ்ந்து போய்த் திறந்தேன். சாலை அலுவலகத்து ஆள், தொப்பியும் படிவமுமாக. "இந்தச் சாலைக்குப் பொறுப்பு யாரு?" என்றார். சாலையா? விலாசம் தப்பு ஐயா என்று, இருந்த மயக்கத்தில் கதவைச் சாத்தப் போனேன். அந்த மனுஷர் காலை உள்ளே வைத்துவிட்டார். "அடைப்பு எடுத்ததைக் கண்ணால பார்த்துட்டுத்தான் கையெழுத்து வாங்கணும். அதுதான் முறை." அந்த முறை வாழ்க! உள்ளே வந்தார். ஹீட்டரைப் பார்த்து அணைத்தார், தரையில் கிடந்தவளையும் பார்த்தார். கையில் இருந்த இரும்புக் கம்பியால் சன்னலை உடைத்தார். ஸ்டூலில் ஏறி அந்த அட்டையைப் பிய்த்தார். முடிவெட்டுகிறவரைக் கூப்பிட்டு இரண்டு பேருமாக அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். போவதற்கு முன் என்னைப் படியில் உட்காரவைத்துக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

அவள் ஆறு நாள் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்துக் கிடந்தாள். நான் மூன்று நாள். இப்போது வீட்டில் இருக்கிறோம். கை நடுக்கம் கொஞ்சம் இருக்கிறது அவளுக்கு, போய்விடும் என்கிறார் டாக்டர். உனக்கு எழுதச் சொன்னால் எழுத மாட்டேன் என்கிறாள். ஏன் என்று கேட்டால் பேசுவதில்லை. அவள் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை, பயமாக இருக்கிறது.

வேலை போனதை உன்னிடம் சொல்லாதே என்றது நான்தான். அவளைக் கோபித்துக்கொள்ளாதே.

அத்தான்

*

ஜனவரி 14

அத்தானுக்கு வணக்கம். கடிதம் கிடைத்தது. நாலு தரம் படித்துவிட்டேன். அதிகாரியிடம் காட்டினேன், மூக்கைச் சிந்திக்கொண்டு, "குளிர்" என்றார்.

உங்கள் உடம்பு முழுசாகத் தேறட்டும். வேலை போனதை மறைத்ததற்கு உங்களிடம் எனக்குத் தனிக் கோபம் இருக்கிறது, நேரில் வைத்துக்கொள்கிறேன். இங்கே வண்டிப் பட்டறைக் கிடங்குக்கு உருப்படியாகக் கணக்கு எழுத ஆள் இல்லை. யோசியுங்கள்.

அக்காவிடம் சொல்லுங்கள்: ஒரு வரியாவது அவள் கையால் வர வேண்டும். திட்டாக இருந்தாலும் பரவாயில்லை.

தம்பி

*

ஜனவரி 25

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே. இனி உன் கையெழுத்தை நான் கேலி செய்ய முடியாது. நாங்கள் சுகம். நீ?

உன் இரண்டு கடிதமும் வந்தன. என்ன திட்டு திட்டியிருக்கிறாய்! அக்காவுக்கு இப்படியா எழுதுவது? சரி. அதைவிட அதிகமாக நானே என்னைத் திட்டியாகிவிட்டது. உன் பங்கு என்று நீ எழுதியிருக்கிறாயே, அதையும் நானே எடுத்துக்கொள்கிறேன். படிக்காமல் வெட்டியது என் கத்தரிக்கோல்.

என்னைச் சாலை என்று எழுதினாயாமே! அந்தப் படிவத்தின் நகல் ஒன்று எங்களிடம் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு மற்ற ஏழு வீட்டுக்காரிகளையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்காரரிடம் போனேன். "இதோ அரசாங்க முத்திரை. இந்தக் கட்டடத்துல அடைப்புன்னு பதிவாயிருக்கு. அடைப்புக்குக் காரணம் யாருன்னு அடுத்த படிவத்துல எழுதட்டுமா?" என்றேன். பனியனோடு நின்ற மனுஷருக்கு வேர்த்துவிட்டது. மூன்று மாதமாக வராத உதிரி பாகம் மூன்றாம் நாள் வந்தது. எட்டு வீட்டிலும் இப்போது குழாய் சுடுகிறது. சுட்டு என்ன? எங்களுக்கு வர இருந்ததை நினைத்தால் வயிறு எரிகிறது எனக்கு. அந்த ஆளை நான் விடப்போவதில்லை.

அந்த அட்டையைப் பசையோடு மாட்டியே வைத்திருக்கிறேன், சன்னல் பக்கத்தில், எழுத்து வெளியே தெரிகிற மாதிரி. சன்னல் தினமும் இரண்டு விரல் திறந்திருக்கிறது. இப்போது அதற்கு அவசியம் இல்லை என்று அத்தான் சொல்கிறார். அவசியம் இருக்கிறதா இல்லையா என்று நான் யாரையும் கேட்கவில்லை.

பாதை நன்றாகத் திறந்ததும் அவர் அங்கே வருவார். பட்டறைக் கணக்கைப் பார்ப்பார். கம்பளிக் கோட்டு ஒன்று தைத்துக்கொண்டிருக்கிறேன் அவருக்கு. கை நடுங்குவதால் தையலைப் பிரித்துப் பிரித்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் யாரிடமும் சொல்ல முடியவில்லை, உனக்கு எழுதுகிறேன். மூன்று வாரம் அந்த மனுஷர் என் கண் முன்னால் செத்துக்கொண்டிருந்தார். நான் சோம்பேறி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தால் வேறு எதற்காவது திட்டுதான் வருகிறது. அவருக்கும் அது தெரிந்திருக்கிறது போல, சிரித்துக்கொள்கிறார்.

இப்போது மத்தியானம். சாப்பிட்டுவிட்டுச் சற்று கண்ணயர்ந்திருக்கிறார். இந்தக் கடிதத்தை எழுதி முடிப்பதற்குள் மூன்று தரம் எழுந்துபோய் அவரை உலுக்கிவிட்டேன். "தலை வலிக்குதா?" என்று கேட்டேன். "இல்லேடி." இரண்டாம் தரம், "இல்லேன்னு சொன்னேனே." மூன்றாம் தரம் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். "மனுஷனை நிம்மதியாத் தூங்கக்கூட விட மாட்டியா நீ?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார். நன்றாகக் கத்தட்டும். நான் நாலாம் தரம் கேட்கப் போகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். முதலில் புகைக்குழாய், பிறகு கதவு.

உன் அக்கா